32 கிரனேட் வீசின கை: மாரிஸ் பிரிட் கதையில காலேஜ் விளையாட்டோட பங்கு எவ்வளவு?

அமெரிக்க ராணுவத்துல வீரத்துக்குக் குடுக்குற மிகப் பெரிய மெடலான மெடல் ஆஃப் ஹானரோட சான்றிதழ்களை வரிசையா உக்காந்து படிச்சா பாதிக்கு மேல ஒரே மாதிரி தான் இருக்கும், உயிரைத் துச்சமா மதிச்சு, கடமையையும் தாண்டி, அசாத்திய துணிச்சலோட, இப்படியே போகும். மாரிஸ் பிரிட்டுக்கு எழுதினது மட்டும் கடையில ஸ்டாக் எடுத்த லிஸ்ட் மாதிரி இருக்கு. கார்பைன் துப்பாக்கிக்கு 5 கிளிப் காலி, எம்1 ரைஃபிள்ல எத்தனை ரவுண்டு சுட்டாருன்னு கணக்கு இல்ல, கிரனேட் 32. இடுப்புல இருந்த தண்ணி கேன்டீன் நொறுங்கிருச்சு, பைனாகுலர் நொறுங்கிருச்சு, விலாவுல ஒரு குண்டு துளைச்சிருக்கு, மூஞ்சி, நெஞ்சு, கை முழுக்க கிரனேட் சில்லு குத்தின காயம். இத்தனையும் 1943 நவம்பர் 10 அன்னிக்கு ஒரே காலையில, இத்தாலியில மினியானோங்கிற ஊருக்கு வடக்கே.

அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி இதே ஆள் டெட்ராய்ட் லயன்ஸ் ஜெர்சி போட்டு என்எஃப்எல்-ல, அதாவது அமெரிக்கன் ஃபுட்பாலோட ப்ரொஃபஷனல் லீக்ல, ஆடிட்டு இருந்தாரு. அதுக்கும் முன்னாடி அர்கன்சா யுனிவர்சிட்டியோட ஸ்டார் பிளேயர். அதனால இவர் கதையை யார் சொன்னாலும் ஒரே ரூட்ல தான் சொல்லுவாங்க: மைதானத்துல காட்டின வீரத்தையே போர்க்களத்துலயும் காட்டினாரு, விளையாட்டு அவரைச் செதுக்குச்சு, அது இதுன்னு. கேக்க நல்லா தான் இருக்கு. ஆனா கொஞ்சம் உள்ள போய் பாத்தா அந்த ரூட்ல பாதி இடிக்குது. விளையாட்டு இவருக்கு ஒண்ணுமே குடுக்கலன்னு சொல்லல, ஆனா எல்லாரும் நினைக்கிற அந்த "வீரம்" இருக்கே, அது அங்கேருந்து வந்த மாதிரி எனக்குத் தோணல.

முதல்ல ஆளைப் பத்தி. 1919 ஜூன் 29-ல கார்லைல்ங்கிற சின்ன ஊர்ல பொறந்தாரு, வளந்தது பக்கத்துல இருக்குற லோனோக்ல, ரெண்டும் அர்கன்சா மாநிலத்து விவசாய பூமி. பாதம் ரொம்ப பெருசுங்கிறதால "ஃபுட்ஸி"ன்னு ஒரு பட்டப்பேர் ஒட்டிக்கிச்சு, சாகுற வரைக்கும் அந்த ஸ்டேட்ல அவரை மாரிஸ்னு கூப்பிட்டவங்களை விட ஃபுட்ஸின்னு கூப்பிட்டவங்க தான் அதிகமா இருப்பாங்க. காலேஜ்ல ஃபுட்பால், பாஸ்கெட்பால் ரெண்டும் ஆடினாரு, படிச்சது ஜர்னலிசம், 1941-ல டிகிரி. ஃபுட்பால்ல அவர் இடம் "எண்ட்", அதாவது ஓடிப் போய் பந்தைப் பிடிக்கிற ஆளு. அந்தக் காலத்துல இப்ப மாதிரி அட்டாக்குக்கு தனி டீம், டிஃபென்ஸுக்கு தனி டீம் கிடையாது, ஒரே 11 பேர் தான் பந்து நம்ம கையில இருந்தாலும் எதிரி கையில இருந்தாலும் ஆடணும், அதனால 60 நிமிஷமும் இடிவாங்கிட்டே நிக்கிற உடம்பு வேணும்.

அந்த டிகிரி கூடவே இன்னொண்ணும் வந்துச்சு: ரிசர்வ் படையில செகண்ட் லெப்டினன்ட் பதவி. இந்த மொத்த கதைக்கும் அச்சாணியே இது தான், இதைத் தான் எல்லாரும் ஒரு வரியில தாண்டிப் போயிடுறாங்க.

அமெரிக்காவுல 1862-ல மோரில் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு. மத்திய அரசு ஒவ்வொரு மாநிலத்துக்கும் நிலம் குடுக்கும், அதை வித்து வர்ற காசுல விவசாயம், இன்ஜினியரிங் சொல்லித் தர்ற காலேஜ் ஆரம்பிக்கணும், ஆனா ஒரு கண்டிஷன், ராணுவப் பயிற்சியும் சொல்லித் தரணும். உள்நாட்டுப் போர் நடந்துட்டு இருந்த நேரம், ஆபீசர் பஞ்சம் கண்ணு முன்னாடி தெரிஞ்சுது, அதனால அந்த கண்டிஷன். அப்புறம் 1916-ல தேசப் பாதுகாப்புச் சட்டம் வந்து அதை ஆர்ஓடிசி (ரிசர்வ் ஆபீசர் பயிற்சிப் படை)-ங்கிற ஒழுங்கான அமைப்பா மாத்துச்சு. 1871-ல ஆரம்பிச்ச அர்கன்சா யுனிவர்சிட்டி இந்த நிலம் வாங்கின காலேஜ்கள்ல ஒண்ணு. இந்த மாதிரி காலேஜ்கள்ல வழக்கமா முதல் ரெண்டு வருஷம் பசங்க எல்லாரும் கட்டாயம் டிரில் பண்ணணும், பிடிச்சிருந்தா அடுத்த ரெண்டு வருஷமும் தொடரலாம், கொஞ்சம் கைக்காசு கிடைக்கும், கோடையில ஒரு கேம்ப், முடிச்சா டிகிரி வாங்குறப்பவே ஆபீசர். நம்ம என்சிசி-யோட ஒப்பிட்டுப் பாக்கத் தோணும், ஆனா அங்க சி சர்டிஃபிகேட் வாங்கினாலும் எஸ்எஸ்பி இன்டர்வியூ, அப்புறம் அகாடமி பயிற்சின்னு எல்லாம் தாண்டணும். ஆர்ஓடிசி-ல காலேஜ் தான் அகாடமி.

இதுல என்ன விஷயம்னா 1939-ல அமெரிக்க ராணுவத்துல மொத்தமே சுமார் 1,90,000 பேர் தான் இருந்தாங்க, 1945-ல 80 லட்சத்தைத் தாண்டிருச்சு. அத்தனை பேரை நடத்த லெப்டினன்ட்டும் கேப்டனும் திடீர்னு எங்கேருந்து வருவாங்க? வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில வருஷத்துக்கு சில நூறு பேர் தான் வெளிய வருவாங்க. அதனால ஆர்ஓடிசி முடிச்ச ஒரு லட்சத்துக்கும் மேலான ரிசர்வ் ஆபீசர்களை இழுத்துப் போட்டாங்க. 1930கள்ல மாநில காலேஜ்ல விளையாடின பையன்னா அவன் டிரில்லும் பண்ணியிருப்பான், சில பேர் அடுத்த ரெண்டு வருஷ ஆர்ஓடிசி-யும் முடிச்சிருப்பாங்க, ஏன்னா அந்தக் கைக்காசு அந்த மந்தகாலத்துல பெரிய விஷயம். அதனால "இவ்வளவு விளையாட்டு வீரர்கள் எப்படி ராணுவ அதிகாரி ஆனாங்க, விளையாட்டுல அப்படி என்ன தான் இருக்கு"ன்னு ஆச்சரியப்படுறவங்களுக்கு பதில் ரொம்ப சாதாரணமானது, ரெண்டு மைதானமும் ஒரே கேம்பஸ்ல இருந்துச்சு.

சரி, 1941. பிரிட் டிகிரி முடிச்சுட்டு லயன்ஸ்ல சேர்ந்தாரு. 9 மேட்ச் ஆடினாரு, பிடிச்ச பாஸ் ஒண்ணே ஒண்ணு, ஆனா அந்த ஒண்ணு 45 யார்டு டச்டவுன். ப்ரொஃபஷனல் ஃபுட்பால்ல அவர் சாதனை மொத்தமும் அவ்வளவு தான். அந்த டீம்ல கூட ஆடினவர்ல ஒருத்தர் பைரன் வைட், கொலராடோ யுனிவர்சிட்டி ஸ்டார், ரோட்ஸ் ஸ்காலர், அவரும் போருக்குப் போனாரு, நேவியில உளவுத் துறை ஆபீசர், கென்னடியோட பிடி-109 படகு மூழ்கினப்போ அந்த ரிப்போர்ட்டை எழுதினதுல இவரும் உண்டு, பிற்காலத்துல அதே கென்னடி ஜனாதிபதி ஆனதும் 1962-ல இவரை சுப்ரீம் கோர்ட் நீதிபதியா நியமிச்சாரு. ஒரே டிரெஸ்ஸிங் ரூம்ல இருந்து ரெண்டு பேர் எங்கெங்க போயிருக்காங்க பாருங்க. (வைட் பத்தி தனியா எழுதணும், இங்க வேண்டாம்.)

சீசன் முடியுற நேரத்துல பெர்ல் ஹார்பர் மேல ஜப்பான் தாக்குதல், அமெரிக்கா போர்ல இறங்கிருச்சு. ரிசர்வ் லெப்டினன்ட் பிரிட் 3-வது காலாட்படை டிவிஷனுக்கு, அதுல 30-வது ரெஜிமென்ட், எல் கம்பெனிக்கு போனாரு. 1942 நவம்பர் 8 மொராக்கோவுல கரையிறங்கினாங்க, அடுத்து 1943 ஜூலையில சிசிலி, செப்டம்பர்ல இத்தாலி. அசெர்னோங்கிற ஊர் பக்கத்துல ஒரு ஜெர்மன் மெஷின் கன் நிலையை ஒழிச்சதுக்கு சில்வர் ஸ்டார். காலாட்படை கம்பெனின்னா பேப்பர்ல கிட்டத்தட்ட 190 பேர், அதுல ஆபீசர் 6 பேர். ஆனா இத்தாலி மலைகள்ல ரெண்டு மாசம் சண்டை போட்ட கம்பெனியில அந்த எண்ணிக்கை எல்லாம் பேப்பர்ல மட்டும் தான் இருக்கும். மேல இருக்குறவர் செத்தா இல்ல அடிபட்டா அடுத்தவர் பொறுப்பெடுக்கணும், அப்படி தான் 24 வயசுல ஒரு லெப்டினன்ட் கையில கம்பெனியே வந்து விழுது.

மினியானோ கணவாய் ரோமுக்குப் போற மெயின் ரோட்டை இறுக்கிப் பிடிச்சிருக்குற இடம். ரெண்டு பக்கமும் மலை, அதுல ஒண்ணு மோன்டே ரோட்டோண்டோ. நவம்பர் மழை, குளிர், சேறு. குன்றைப் பிடிச்சாச்சு, ஆனா ஜெர்மன்காரங்க வழக்கம் என்னன்னா எந்த இடத்தை விட்டாலும் உடனே திருப்பி அடிப்பாங்க, வந்தவங்க குழி வெட்டி செட்டில் ஆகுறதுக்குள்ள. அன்னிக்கு காலையில சுமார் 100 ஜெர்மன் சிப்பாய்ங்க எல் கம்பெனி மேல ஏறி வந்தாங்க. பிரிட் கூட இருந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய சில பேர். அமெரிக்க சிப்பாய்ங்க சிலர் ஏற்கனவே அவங்க கையில கைதியா மாட்டிக்கிட்டாங்க. அந்த மாதிரி இடத்துல மரம், பாறை, புதர் எல்லாம் இருக்குறதால ரைஃபிள் சண்டையை விட கிரனேட் சண்டை தான் அதிகம், 20, 30 அடி தூரத்துல ஆள் இருக்கான்னு தெரியும், ஆனா கண்ணுக்குத் தெரிய மாட்டான்.

அந்தக் கால அமெரிக்க கிரனேட் ஒண்ணு 600 கிராம் கிட்ட வரும். 32 கிரனேட்னா கிட்டத்தட்ட 19 கிலோ இரும்பை எறிஞ்சிருக்காரு, அதுவும் இங்கேயும் அங்கேயும் ஓடிட்டே, விலாவுல குண்டு துளைச்சப்புறமும். ஒரு ஆள் அவ்வளவு கிரனேட் தூக்கிட்டுப் போக முடியாது, அப்ப கீழ கிடந்தது, அடிபட்டவங்க வச்சிருந்தது, பக்கத்துல இருந்தவங்க குடுத்தது எல்லாம் தான் எறிஞ்சிருப்பாரு. 5 பேரைத் தானே கொன்னாரு, ஒரு மெஷின் கன் கோஷ்டியையே காலி பண்ணாரு, 4 பேர் பிடிபட்டாங்க, மாட்டிக்கிட்ட அமெரிக்கர்கள் சில பேர் தப்பிச்சு வந்துட்டாங்க. சண்டை முடிஞ்சும் டாக்டர்கிட்ட போக மாட்டேன்னு நின்னுட்டாரு, பட்டாலியன் கமாண்டர் உத்தரவு போட்ட அப்புறம் தான் போனாரு. இந்த எதிர்த்தாக்குதல் மட்டும் ஜெயிச்சிருந்தா பட்டாலியனே தனியா துண்டாகியிருக்கும், கம்பெனி அழிஞ்சிருக்கும்னு சான்றிதழ்லயே இருக்கு.

இப்ப மறுபடி அந்தக் கேள்விக்கு வருவோம். "ஃபுட்பால் வீரர், அதான் கை அப்படி வீசுச்சு"ன்னு சுலபமா சொல்லிடலாம். ஆனா அவர் பந்து வீசுற ஆள் இல்லையே, பிடிக்கிற ஆளு! உடம்பு வலு குடுத்துச்சுன்னா ஒத்துக்கலாம், அடி வாங்கிட்டே ஆட்டத்தை யோசிக்கிற பழக்கம்னா அதையும் ஒத்துக்கலாம். வீரம்னு வர்றப்போ தான் ஆடி மர்ஃபி குறுக்க வந்து நிக்கிறாரு.

அதே 3-வது டிவிஷன், வேற ரெஜிமென்ட், 15-வது. டெக்சாஸ்ல குத்தகை விவசாயி வீட்டுப் பையன், அஞ்சாம் கிளாஸோட படிப்பை விட்டவன், அஞ்சரை அடி உயரம், ரொம்ப சின்னப் பையனா இருக்கன்னு மரைன்ல சேத்துக்கவே இல்ல. காலேஜ் வாசலை மிதிக்கல, எந்த டீம்லயும் ஸ்டார் கிடையாது. 1945 ஜனவரி 26-ல பிரான்ஸ்ல ஹோல்ட்ஸ்விர் கிராமத்துப் பக்கத்துல எரிஞ்சுட்டு இருந்த வண்டி மேல ஏறி நின்னு மெஷின் கன்ல ஒத்தை ஆளா எதிரியைத் தடுத்தது தான் அவரோட மெடல் ஆஃப் ஹானர். சில்வர் ஸ்டார், டிஎஸ்சி (டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸ், மெடல் ஆஃப் ஹானருக்கு அடுத்த மெடல்), மெடல் ஆஃப் ஹானர் மூணும் மர்ஃபிக்கும் உண்டு, பிரிட்டுக்கும் உண்டு. அப்ப மைதானம் இல்லாமலே அதே இடத்துக்கு ஒருத்தர் வந்திருக்காரு. வித்தியாசம் எங்கன்னா, பிரிட் முதல் நாள்லயே தோள்ல ஆபீசர் பட்டையோட போனாரு, மர்ஃபி சாதாரண சிப்பாயா சேர்ந்து, கூட இருந்தவங்க எல்லாம் சாகச் சாக மேல ஏறி, 1944 அக்டோபர்ல தான் போர்க்களத்துலயே லெப்டினன்ட் ஆனாரு. காலேஜ் குடுத்தது அந்தப் பட்டை தான்.

பிரிட் கதை மினியானோவோட முடியல. 1944 ஜனவரி 22 இத்தாலியில ஆன்சியோ கடற்கரையில கரையிறங்கினாங்க. அங்க எதிரியோட மெஷின் கன் எங்க மறைஞ்சிருக்குன்னு தெரியாதப்போ வேணும்னே வெட்டவெளியில தன்னைக் காட்டி சுட வச்சு, அதை வச்சு இடத்தைக் கண்டுபிடிச்சாரு, அதுக்குத் தான் டிஎஸ்சி. பிப்ரவரி 12, ஒரு கல் வீட்டுக்குள்ள இருந்து எதிரியைக் கண்காணிச்சுட்டு இருக்குறப்போ ஜெர்மன் டாங்கி ஷெல் நேரா வந்து விழுந்துச்சு. வலது கை போச்சு, காலும் பலமா அடிபட்டுச்சு. இரண்டாம் உலகப்போர்ல வீரத்துக்கான முதல் மூணு மெடலையும் வாங்கின முதல் ஆள்னு இவரைத் தான் சொல்றாங்க, அதை வாங்குறப்போ கோட்டோட வலது கை காலியா தொங்கிட்டு இருந்துச்சு.

மெடல் ஆஃப் ஹானர் குடுத்த இடத்தைப் பாருங்க: 1944 ஜூன் 5, ஃபேயட்வில், அர்கன்சா யுனிவர்சிட்டியோட ஃபுட்பால் ஸ்டேடியம், பட்டமளிப்பு விழா. வெள்ளை மாளிகையில வச்சு குடுத்திருக்கலாம், ஆனா இங்க குடுத்தாங்க. மறுநாள் தான் பிரான்ஸ்ல நார்மண்டி கரையிறக்கம். ஊர் ஊரா பசங்களைக் கேட்டு வாங்கிட்டு இருந்த நேரத்துல, எல்லாருக்கும் முகம் தெரிஞ்ச ஒரு பிளேயரை அவர் ஆடின புல்தரையிலயே நிக்க வச்சா அது எவ்வளவு பெரிய விளம்பரம்னு ராணுவத்துக்குத் தெரியாதா என்ன? அவர் தியாகத்தைக் குறைச்சு சொல்றதா நினைக்காதீங்க, செய்தி எப்படி ஓடுதுன்னு சொல்றேன். பேப்பர்காரங்களுக்கு ஸ்போர்ட்ஸ் பக்கத்துல ஏற்கனவே போட்டோ இருக்கு, ஸ்டேட்ஸ் இருக்கு, பட்டப்பேர் கூட இருக்கு. பேர் தெரியாத சிப்பாய்க்கு அது எதுவும் கிடையாது.

மெடல் எப்படிக் கிடைக்குதுங்கிறதும் இங்க முக்கியம். ஒருத்தர் பரிந்துரை எழுதணும், நேர்ல பாத்தவங்க வாக்குமூலம் குடுக்கணும், அது பட்டாலியன், ரெஜிமென்ட், டிவிஷன்னு மேல மேல போகணும். அந்த 32 கிரனேட் கணக்கு அப்படி தான் வந்திருக்கணும், பாத்தவங்க உயிரோட இருந்தாங்க, உக்காந்து எழுதினாங்க. பாத்தவங்களும் செத்துட்டா வீரம் அங்கேயே புதைஞ்சிரும். பாத்தவங்க இருந்தும் மேல போகாத கேஸும் உண்டு, அதுக்குக் காரணம் நிறம்.

பிரிட் ஆடின காலேஜ் டீம்ல கறுப்பர் ஒருத்தர் கூட கிடையாது, இருக்கவும் முடியாது, சைலஸ் ஹன்ட்ங்கிறவர் 1948-ல சட்டம் படிக்க நுழைஞ்சப்போ தான் அந்த யுனிவர்சிட்டி கதவே திறந்துச்சு. லயன்ஸ் ஆடின என்எஃப்எல்-லயும் 1934-ல இருந்து 1945 வரைக்கும் கறுப்பு பிளேயரே இல்ல. ராணுவத்துலயும் தனித்தனி யூனிட். இத்தாலியிலயே 92-வது டிவிஷன்ல வெர்னன் பேக்கர்னு ஒரு லெப்டினன்ட், 1945 ஏப்ரல்ல அகினோல்ஃபி கோட்டைக்குப் பக்கத்துல பங்கர் பங்கரா போய் ஒழிச்சவரு, அவருக்கு டிஎஸ்சி-யோட நிறுத்திட்டாங்க. அந்தப் போர்ல சண்டை போட்ட கறுப்பர் ஒருத்தருக்குக் கூட அப்ப மெடல் ஆஃப் ஹானர் குடுக்கல. 1997 ஜனவரியில தான் கிளின்டன் 7 பேருக்குக் குடுத்தாரு, அதுல உயிரோட வந்து வாங்கினது பேக்கர் மட்டும். காலேஜ் மைதானத்துல இருந்து மெடல் வரைக்கும் ஒரு ரோடு இருந்துச்சுன்னா அது யாருக்குப் போட்ட ரோடுங்கிறதையும் சேத்து தான் பேசணும்.

ஜாக் லம்மஸையும் விட முடியாது. பேய்லர் யுனிவர்சிட்டி பிளேயர், அவரும் எண்ட் தான், அவரும் 1941 சீசன்ல தான் என்எஃப்எல் வந்தாரு, நியூயார்க் ஜயன்ட்ஸ்ல. மரைன் லெப்டினன்ட்டா ஜப்பானோட இவோ ஜிமா தீவுக்குப் போய் 1945 மார்ச் 8-ல கண்ணிவெடி மிதிச்சு ரெண்டு காலும் போய் இறந்தாரு. பிரிட்டைத் தவிர என்எஃப்எல்-ல ஆடி மெடல் ஆஃப் ஹானர் வாங்கின இன்னொருத்தர் இவர் தான். ஒரே மாதிரி பையன், ஒரே இடத்துல ஆடினவன், ஒருத்தர் 25 வருஷம் கழிச்சு அரசியல் பேசுறாரு, இன்னொருத்தர் 29 வயசுல முடிஞ்சுட்டாரு.

இந்த ரோடு பின்னாடி ரொம்பக் குறுகிருச்சு. 1960கள்ல கட்டாய டிரில்லைப் பெரும்பாலான காலேஜ்கள் கைவிட்டுருச்சு, 1973-ல கட்டாய ராணுவ சேவையும் போச்சு, இன்னொரு பக்கம் ப்ரொஃபஷனல் சம்பளம் எங்கயோ போயிருச்சு. அதுக்கப்புறம் விளையாட்டு வீரர் ஆபீசர் ஆகுறதுன்னா பெரும்பாலும் வெஸ்ட் பாயின்ட், அன்னாபோலிஸ் மாதிரி அகாடமி வழி தான். டான் ஹோலடர் வெஸ்ட் பாயின்ட் ஸ்டார், 1967 அக்டோபர் 17 வியட்நாம்ல ஒங் தான் சண்டையில அடிபட்டவங்களை மீட்க ஓடி செத்தாரு. பீட் டாக்கின்ஸ் 1958-ல காலேஜ் ஃபுட்பால்ல சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் டிராஃபி வாங்கிட்டு பிரிகேடியர் ஜெனரல் வரைக்கும் போனாரு.

பிரிட்டுக்கு வருவோம். 1944 கடைசியில கேப்டனா ராணுவத்தை விட்டு வெளிய வந்தாரு, ஒரு கையோட பிசினஸ் பண்ணாரு. 1966-ல தேர்தல். அர்கன்சாவுல அப்பல்லாம் ரிபப்ளிகன் கட்சின்னா டெபாசிட் கூட தேறாத நிலைமை, உள்நாட்டுப் போருக்கு அடுத்த மறுசீரமைப்புக் காலத்துக்கு அப்புறம் அந்தக் கட்சிக்காரர் கவர்னரும் ஆனதில்ல, லெப்டினன்ட் கவர்னரும் (கவர்னருக்கு அடுத்த பதவி) ஆனதில்ல. வின்த்ரப் ராக்கஃபெல்லர் கவர்னருக்கு நின்னாரு, பிரிட் லெப்டினன்ட் கவர்னருக்கு. எதிர்ல நின்ன டெமாக்ரட் கவர்னர் வேட்பாளர் பச்சையா இனப்பிரிவினை பேசினவர், அதனால கறுப்பு வாக்காளர்கள் பெருவாரியா ராக்கஃபெல்லர் பக்கம் வந்தாங்க. ரெண்டு பேரும் ஜெயிச்சாங்க. பிரிட்டுக்குப் போர் ஹீரோ, ரேஸர்பேக்ஸ் (அர்கன்சா யுனிவர்சிட்டி டீம்) ஸ்டார்ங்கிற ரெண்டு அடையாளமும் சேந்து வேலை செஞ்சுது, கட்சிப் பேரைக் கேட்டாலே மூஞ்சி திருப்புற டெமாக்ரட் விவசாயி கூட "நம்ம ஃபுட்ஸி தானே"ன்னு குத்தியிருப்பாரு. ரெண்டு டெர்ம், 1971 ஜனவரி வரைக்கும். அப்புறம் சின்ன தொழில்களுக்கு உதவுற மத்திய அரசு ஏஜென்சியில மாவட்ட டைரக்டரா 1985 வரைக்கும் வேலை.

1986-ல, 67 வயசுக்குக் கிட்ட, கவர்னர் பதவிக்கே நிக்கலாம்னு ரிபப்ளிகன் ப்ரைமரியில, அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்குற தேர்தல்ல, இறங்கினாரு. ஏற்கனவே ஒரு தடவை கவர்னரா இருந்த ஃபிராங்க் வைட் ஜெயிச்சுட்டாரு, அவரும் நவம்பர்ல பில் கிளின்டன்கிட்ட தோத்தாரு. ஆன்சியோவுக்கு 42 வருஷம் கழிச்சு ஓட்டு போட வந்தவங்கள்ல பாதிப் பேருக்கு லயன்ஸ் சீசனும் தெரியாது, மினியானோ எங்க இருக்குன்னும் தெரியாது. 1995 நவம்பர் 26-ல லிட்டில் ராக்ல இறந்தாரு, அங்க இருக்குற தேசிய ராணுவக் கல்லறையிலயே அடக்கம்.